கடலுக்கு அடியில் ஒரு கை வேண்டும்!

இரவு படுக்கப் போகும் முன் அடுப்படிக்குப் போய் காஸ் சிலிண்டரை மூடிவிட்டு வருவது பல வீடுகளில் வழக்கம். சிலர் விளக்கைக்கூடப் போட மாட்டார்கள். இருட்டிலேயே கை தானாக ரெகுலேட்டர் இருக்கும் இடத்துக்குப் போகும். ஒரு திருப்பு. வேலை முடிந்தது. மொத்தம் இரண்டு விநாடி ஆகுமா?

அதே வேலையைக் கடலுக்கு அடியில் 1,500 மீட்டர் ஆழத்தில் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சூரிய வெளிச்சம் ஒரு துளிகூட எட்டாது. தண்ணீர், ஃப்ரிட்ஜில் வைத்தது போல ஜில்லென்று இருக்கும். கட்டைவிரல் நகம் அளவுள்ள இடத்தின் மேல் சுமார் 150 கிலோ அழுத்தம். அதாவது, அந்த ஒரு நகத்தின் மேல் இரண்டு பெரியவர்கள் ஏறி நிற்பதற்குச் சமம். மனிதர் யாரும் அங்கே நீந்திப் போய் ஒரு வால்வைத் திருப்பிவிட்டு வர முடியாது. அப்படியானால், யார் திருப்புவது?

இது கற்பனைக் கேள்வி அல்ல. 2010-ல் உலகமே டி.வி. முன்னால் உட்கார்ந்து கேட்ட கேள்வி.

மூடாத வால்வும் 87 நாட்களும்

2010 ஏப்ரல் 20. அமெரிக்காவை ஒட்டிய மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' என்ற எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டு நாளில் மேடையே மூழ்கிவிட்டது. கீழே, சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில், கிணற்றின் வாயிலிருந்து எண்ணெய் பீறிட ஆரம்பித்தது.

இப்படி ஒரு ஆபத்து வந்தால் கிணற்றை மூடுவதற்கென்றே அதன் தலையில் பிரம்மாண்டமான ஓர் அமைப்பு இருந்தது. ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம் இருக்கும். உள்ளே குழாயையே வெட்டி அடைக்கும் எஃகுக் கத்திகள். மேலே இருந்தவர்களால் அதை இயக்க முடியவில்லை. எனவே ரோபோக்களைக் கீழே அனுப்பினார்கள். கப்பலில் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்கள் திரையைப் பார்த்துக்கொண்டே, ரோபோவின் கைகளால் அந்த அமைப்பை நேரடியாக மூடப் பார்த்தார்கள். மூடவில்லை. உள்ளே குழாய் வளைந்து ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்ததால் கத்திகள் முழுதாகச் சேரவில்லை என்பது பின்னால் நடந்த ஆய்வில்தான் தெரிந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றாக முயற்சி செய்தார்கள். ஜூன் தொடக்கத்தில், உடைந்த குழாயை அறுக்கப் போன வைரக் கம்பி ரம்பம் நடுவிலேயே சிக்கிக்கொண்டது. பிறகு ராட்சதக் கத்தரியைக் கொண்டுவந்து நறுக்கினார்கள். ஜூலை 15-ம் தேதி புதிய மூடி ஒன்றைப் பொருத்தி எண்ணெயை நிறுத்தியபோது 87 நாட்கள் ஓடிவிட்டிருந்தன. அமெரிக்க அரசின் கணக்குப்படி, கிணற்றிலிருந்து வெளியேறிய எண்ணெய் சுமார் 49 லட்சம் பீப்பாய். மீனவர்கள் வலை வீச முடியவில்லை. பெலிக்கன் பறவைகள் எண்ணெயில் ஊறிச் செத்தன.

அந்த 87 நாட்களும் கடலடியில் வேலை பார்த்த கைகள் எல்லாமே ரோபோக் கைகள். ஆனால் அவற்றில் ஒன்றுகூடத் தானாக யோசித்து வேலை செய்யவில்லை. ஒவ்வோர் அசைவுக்கும் மேலே ஒரு மனிதர் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருந்தார்.

கண்டுபிடிப்பது வேறு, எடுப்பது வேறு

கடலடி ரோபோக்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. முதலாவது, ஆர்.ஓ.வி. கப்பலோடு கேபிளால் கட்டப்பட்டது. மின்சாரம், கட்டளை, வீடியோ எல்லாமே அந்தக் கேபிள் வழியாகத்தான். கை உண்டு, சொந்த மூளை குறைவு. இரண்டாவது, ஏ.யு.வி. கேபிள் கிடையாது. பேட்டரியில் ஓடும். 'இந்த இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வா' என்று சொல்லி இறக்கிவிட்டால், தானே நீந்தி, படமெடுத்து, தானே மேலே வரும். கண்ணும் மூளையும் உண்டு. ஆனால் பெரும்பாலும் கை கிடையாது.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு சோகமான உதாரணம் இருக்கிறது. 2009 ஜூன் 1-ம் தேதி, பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பிய ஏர் பிரான்ஸ் 447 விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்தது. 228 பேர் இறந்தார்கள். ஏன் விழுந்தது? பதில் இருந்தது கறுப்புப் பெட்டியில். கறுப்புப் பெட்டி இருந்தது கடலடியில். பல முறை தேடியும் கிடைக்கவில்லை.

2011-ல் 'ரெமஸ் 6000' என்ற ஏ.யு.வி.க்களைக் களத்தில் இறக்கினார்கள். ஒலி அலைகளால் கடல் தரையை வரிசை வரிசையாக, வயலில் ஏர் ஓட்டுவது போல உழுதுகொண்டே போன அந்த ரோபோக்கள், சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் விமானத்தின் சிதறல்களைக் கண்டுபிடித்தன. ஆனால் பெட்டியை எடுக்க அவற்றுக்குக் கை இல்லை. அதற்கு வேறொரு கப்பல், வேறொரு ரோபோ வரவேண்டியிருந்தது. மே 1, 2 தேதிகளில் கேபிள் கட்டிய ஆர்.ஓ.வி. ஒன்று இறங்கி, இரண்டு பதிவுப் பெட்டிகளையும் எடுத்து வந்தது. இரண்டு வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்த அந்தப் பெட்டிகள் பேசின. வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி அடைத்ததும், அதன் பிறகு விமானி அறையில் ஏற்பட்ட குழப்பமும் உலகுக்குத் தெரியவந்தன.

கண் ஒருவருக்கு, கை இன்னொருவருக்கு. இந்த இரண்டையும் ஒரே உடம்பில் கொண்டுவர முடியுமா? கேபிள் இல்லாமல் தானே போய், தானே பார்த்து, தானே தொட்டு, வேலையை முடித்துவிட்டு வரும் ரோபோ சாத்தியமா? கடலடிப் பொறியாளர்களின் பல வருடக் கனவு இதுதான்.

மைத்துனர் பிடித்த கயிறு

முத்துக் குளிக்கும் கடற்கரைகளில் ஒரு கதை சொல்வதுண்டு. முக்குளிப்பவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் படகில் பிடித்திருப்பவர் அவருடைய மனைவியின் தம்பியாகவோ அண்ணனாகவோ இருப்பாராம். அக்கா, தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பதால் மைத்துனர் கண் அசரமாட்டார் என்ற கணக்கு.

ஆர்.ஓ.வி.யின் கேபிளும் அப்படிப்பட்ட உயிர்க்கயிறுதான். அதை வெட்டிவிட்டால் என்ன ஆகும்? முதலில் பேச்சு நின்றுபோகும். கரையில் நாம் பயன்படுத்தும் வைஃபை, ஜிபிஎஸ், மொபைல் சிக்னல் எல்லாமே ரேடியோ அலைகள். கடலின் உப்புத் தண்ணீர் அவற்றை விழுங்கிவிடும். ஒலி மட்டும்தான் தூரம் போகும். தண்ணீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர். காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 3,000 மீட்டர் ஆழத்தில் உள்ள ரோபோ 'கையை நீட்டவா?' என்று கேட்டால், கேள்வி மேலே வர 2 விநாடி, 'நீட்டு' என்ற பதில் கீழே போக 2 விநாடி. அதற்குள் நீரோட்டம் ரோபோவை நகர்த்தியிருக்கும். அதோடு, ஒலி வழியாக வீடியோவை அனுப்ப முடியாது. பழைய காலத்துத் தந்தி போலச் சுருக்கமான செய்திகளே போகும்.

அப்படியானால் கேபிளையே வைத்துக்கொள்ளலாமே? வைத்துக்கொள்ளலாம். ஆனால் கேபிள் இருந்தால் அதன் மறுமுனையில் ஒரு கப்பலும் இருந்தாக வேண்டும். நீரோட்டத்திலும் காற்றிலும் நகராமல் ஒரே இடத்தில் நிற்கக்கூடிய சிறப்புக் கப்பல்; அதற்கு மாலுமிகள், ஓட்டுநர்கள், சமையற்காரர்கள், டீசல். ஒரு வால்வு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க இத்தனையும் கிளம்ப வேண்டும். அலை பெரிதாக இருந்தால் கிளம்பவும் முடியாது.

மனிதர்கள் கொடுக்கும் விலை

ஆழம் அவ்வளவு அதிகம் இல்லாத இடங்களில் இன்றும் டைவர்கள்தான் இறங்குகிறார்கள். 'சாச்சுரேஷன் டைவிங்' என்று ஒரு முறை இருக்கிறது. கப்பலில் உள்ள ஓர் இரும்பு அறைக்குள், கடலடியில் இருக்கும் அதே அழுத்தத்தில், டைவர்கள் வாரக்கணக்கில் வாழ்வார்கள். 28 நாட்கள் வரைகூட. சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதற்குள்தான். ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிப்பதால் குரல் கார்ட்டூன் பொம்மை போலக் கீச்சென்று ஒலிக்கும். வேலை முடிந்ததும் கதவைத் திறந்து வீட்டுக்குப் போக முடியாது. அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வெளியே வரப் பல நாட்கள் ஆகும். அவசரப்பட்டால் உயிர் போய்விடும்.

1983 நவம்பரில் வட கடலில் 'பைஃபோர்ட் டால்ஃபின்' என்ற எண்ணெய் மேடையில் அந்த அறையின் அழுத்தம் ஒரே நொடியில் வெளியேறியதில் ஐந்து பேர் இறந்தார்கள்.

2012 செப்டம்பர் 18-ம் தேதி அதே வட கடலில் கிறிஸ் லெமன்ஸ் என்ற டைவர் சுமார் 90 மீட்டர் ஆழத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். மேலே கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும் கணினி செயலிழந்தது. கப்பல் காற்றில் நகர, லெமன்ஸுக்குக் காற்றும் வெந்நீரும் வெளிச்சமும் கொண்டுவந்த குழாய்க் கட்டு எங்கோ சிக்கி, இழுபட்டு, அறுந்தது. முதுகில் இருந்த அவசர சிலிண்டரில் சில நிமிடங்களுக்கு மட்டுமே காற்று.

கப்பலில் இருந்தவர்கள் ஆர்.ஓ.வி.யை அனுப்பினார்கள். அது அவரைக் கண்டுபிடித்தது. இரும்புச் சட்டத்தின் மேல் அவர் கிடப்பதும், உடல் லேசாகத் துடிப்பதும் திரையில் தெரிந்தது. பிறகு அந்த அசைவும் நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பலை மீண்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்த பிறகு, சக டைவர் டேவ் யுவாசா இறங்கிப் போய்த் தூக்கி வந்தார். டங்கன் ஆல்காக் வாயோடு வாய் வைத்து ஊதினார். காற்று அறுந்து அரை மணி நேரத்துக்கும் மேலாகியிருந்தது. கடும் குளிரும், அவர் சுவாசித்திருந்த காற்றில் ஆக்ஸிஜன் செறிவாக இருந்ததும் காப்பாற்றியிருக்கலாம் என்கிறார்கள். லெமன்ஸ் பிழைத்தார்.

ரோபோவால் பார்க்க முடிந்தது. தூக்கி வர மனிதர்தான் போக வேண்டியிருந்தது. கடலடி ரோபோவுக்கு நல்ல கை வேண்டும் என்று சொல்வதன் அர்த்தம் இங்கேதான் முழுதாகப் புரியும். அந்தக் கை வேலையைப் பார்த்துக்கொண்டால், லெமன்ஸ் போன்றவர்கள் அங்கே இறங்கவேண்டிய தேவையே இருக்காது.

மிதந்துகொண்டே திருகுவது எப்படி?

கை வைப்பதில் அப்படி என்ன கஷ்டம்? கார் தொழிற்சாலைகளில் ரோபோக் கைகள் நாள் முழுக்க போல்ட் முடுக்குகின்றனவே?

அந்த ரோபோக்கள் தரையில் கான்கிரீட்டோடு பிணைக்கப்பட்டவை. கடலடி ரோபோ மிதக்கிறது. நீச்சல் தெரிந்தவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கால் தரையில் படாமல் மிதந்தபடி, குளத்தின் சுவரில் உள்ள இறுகிய குழாய் ஒன்றை ஒரு கையால் திருகிப் பாருங்கள். குழாய் திரும்பாது, நீங்கள் திரும்புவீர்கள்! நியூட்டனின் மூன்றாம் விதி. கையை முன்னால் நீட்டினாலே ரோபோவின் எடை முன்பக்கம் சாய்ந்து, உடம்பு குப்புறக் கவிழப் பார்க்கும். கை நகரும் ஒவ்வொரு நொடியும் உடம்பில் உள்ள சின்னச் சின்ன விசிறிகள் சுழன்று அதைச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது பார்வை. விசிறி சுழன்றதும் தரையிலிருந்து சேறு கிளம்பிக் கேமராவை மறைக்கும். விளக்கைக் கூட்டினால், பனிமூட்டத்தில் ஹைபீம் போட்டது போல வெள்ளையாகத்தான் தெரியும். தேடிப்போன வால்வின் மேல் பாசியும் சிப்பியும் வளர்ந்து, வரைபடத்தில் இருந்த உருவமே மாறியிருக்கலாம். ஜிபிஎஸ் இல்லாததால், கிளம்பிய இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தோம் என்று ரோபோ தானே கூட்டிக் கழித்துக் கணக்குப் போட வேண்டும். கணக்கில் சிறு பிசகு வந்தாலும் அது நேரம் ஆக ஆக வளரும்.

தொடுவதும் லேசான காரியம் அல்ல. வால்வு இறுகியிருக்கிறதா, அல்லது கைப்பிடி சரியாகப் பிடிபடவில்லையா? மனித விரலுக்கு உடனே தெரியும். ரோபோவுக்கு மணிக்கட்டில் விசையை அளக்கும் உணரி வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் கைப்பிடியை முறித்துவிட்டு 'வேலை முடிந்தது' என்று செய்தி அனுப்பும்!

குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது போல

இந்தப் பாடத்தை ரோபோக்கள் மெதுவாகத்தான் கற்றன. ஐரோப்பாவில் 'அலைவ்' என்ற திட்டத்தின் ரோபோ ஒரு நல்ல தந்திரம் செய்தது. மிதந்துகொண்டே வேலை செய்யாமல், முதலில் வால்வுப் பலகையில் இருந்த கம்பிகளைப் பிடித்து உடம்பை நிலைநிறுத்திக்கொண்டு, பிறகு கையை நீட்டியது. பனைமரம் ஏறுபவர் காலைக் கயிற்றில் ஊன்றிக்கொண்டு கையை விடுவிப்பது போல.

அமெரிக்காவில் ஹவாய் பல்கலைக்கழகம் 1990-களின் கடைசியில் ஆரம்பித்து உருவாக்கிய 'சாவிம்' என்ற பல டன் எடையுள்ள ரோபோ, பொருளைத் தானே தேடிப் போய், மிதந்தபடியே கையால் கொக்கி மாட்டும் வித்தையைக் காட்டியது. ஸ்பெயினின் ஜிரோனா பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஜிரோனா 500' இன்னும் சிறியது. 2012-ல் மயோர்கா தீவின் சோயெர் துறைமுகத்தில், ஐரோப்பாவின் 'டிரைடென்ட்' திட்டத்துக்காக அது ஒரு போலிக் கறுப்புப் பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்துக் கையால் எடுத்தது. ஏர் பிரான்ஸ் 447-க்கு இரண்டு தனித்தனி ரோபோக்கள் செய்த வேலையை, ஆழமில்லாத துறைமுகத்தில் ஒரே ரோபோ செய்து காட்டியது.

அதே ரோபோவுக்கு 'பண்டோரா' என்ற அடுத்த திட்டத்தில் வால்வு திருகக் கற்றுக்கொடுத்த விதம் சுவாரஸ்யமானது. 'இத்தனை டிகிரி, இத்தனை சென்டிமீட்டர்' என்று எழுதிக் கொடுக்கவில்லை. ஒரு மனிதர் ரோபோவை இயக்கி, அந்த வேலையைச் சில முறை செய்து காட்டினார். ரோபோ அந்த அசைவுகளின் பொதுவான போக்கைப் பிடித்துக்கொண்டு, பிறகு தானே செய்தது. தண்ணீரைத் தள்ளிவிட்டு இடைஞ்சல் கொடுத்தும் பார்த்தார்கள். கோலம் போடும் பாட்டியின் கையைப் பார்த்துப் பேத்தி கற்றுக்கொள்வது மாதிரிதான்.

கடலடியிலேயே ஒரு வீடு

இப்போது யோசனை இன்னொரு படி நகர்ந்திருக்கிறது. ரோபோவை ஒவ்வொரு முறையும் கப்பலில் கொண்டுபோய் இறக்குவானேன்? கடலடியிலேயே அதற்கு ஒரு கொட்டகை போட்டால் என்ன? வேலை இல்லாத நேரத்தில் அங்கேயே நின்று சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். கரையிலிருந்து கேபிள் வழியாகக் கொட்டகைக்குக் கட்டளை வந்ததும் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரும். மேலே புயல் அடித்தாலும் கவலை இல்லை.

நார்வேயில் 2015-ல் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து கிளைத்த 'ஈலூம்' நிறுவனத்தின் ரோபோ பாம்பு போல இருக்கும். நெளிந்து நெளிந்து குழாய்களின் இடுக்கில் நுழையும். தலையில் கேமராவும் மாற்றக்கூடிய கருவிகளும் உண்டு. இத்தாலியின் சாய்பெம் நிறுவனம் உருவாக்கிய 'ஹைட்ரோன்-ஆர்' ரோபோவைத் தன் எண்ணெய் வயலில் பயன்படுத்த, நார்வேயின் ஈக்வினார் நிறுவனம் 2019-ல் ஒப்பந்தம் போட்டது. கேபிளோடும் வேலை செய்யும், கேபிள் இல்லாமலும் செய்யும் ரகம் அது. அமெரிக்காவின் ஹூஸ்டனில், முன்பு நாசாவில் பணியாற்றிய பொறியாளர்கள் செய்த 'அக்வாநாட்', தூரம் போகும்போது டார்பிடோ போல மூடிக்கொள்ளும். வேலை இடம் வந்ததும் உடம்பைத் திறந்து இரண்டு கைகளை வெளியே நீட்டும்.

பெரிய வேலைகளை உடனே இவற்றிடம் ஒப்படைத்துவிடவில்லை. குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது, துருவைத் தடுக்கும் உலோகக் கட்டி எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளப்பது, பாசியைச் சுரண்டுவது, வால்வைத் திருப்புவது போன்ற பராமரிப்பு வேலைகளில்தான் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கு வசதியாக, வால்வுகளின் கைப்பிடிகளும் ரோபோக்கள் பிடிப்பதற்கேற்ற பொது அளவுகளில் வருகின்றன.

யார் சொன்னால் வெட்டும்?

கயிற்றை அறுத்துவிடுவதில் பயமும் இருக்கிறது. 2005-ல் பிரிட்டனின் 'ஆட்டோசப் 2' என்ற ஏ.யு.வி. அண்டார்டிகாவில் பனித்தட்டுக்கு அடியில் போனது, திரும்பவே இல்லை. படமெடுக்கப் போன ரோபோ தொலைந்தால் நஷ்டம் பணம் மட்டும்தான். ஆனால் கையில் வெட்டும் கருவியோடு, எண்ணெய்க் குழாய்க்குப் பக்கத்தில், கணக்குத் தப்பிய ரோபோ ஒன்று நின்றால்? எண்ணெய் போகும் குழாயையும் தண்ணீர் போகும் குழாயையும் மாற்றிப் புரிந்துகொண்டால்?

அதனால்தான் பல பொறியாளர்கள் நடுவழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சின்ன அசைவுகளை ரோபோ பார்த்துக்கொள்ளும். நிலையாக மிதப்பது, கைப்பிடியை நெருங்குவது, பிடிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. 'திருப்பலாமா?' என்று கேட்டு நிற்கும். ஒரு சிறு படத்தைப் பார்த்து மேலே இருப்பவர் 'சரி' என்றால்தான் திருப்பும். 'சரி' என்ற ஒரு சொல்லை ஒலி அலையில் அனுப்புவது கஷ்டமில்லையே! அனுபவமுள்ள கொத்தனாரும் மேஸ்திரியும் வேலை செய்வது போல. கரண்டியை எப்படிப் பிடிப்பது என்று மேஸ்திரி சொல்லமாட்டார். சுவரை இடிக்கும் முன் அவரைக் கேட்காமல் இருக்கவும் முடியாது.

மனிதக் கையின் அனுபவத்தை முழுதாகவே ஆழத்துக்கு அனுப்பும் முயற்சியும் நடக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் உசாமா காதிப் குழுவின் 'ஓஷன் ஒன்' ரோபோவுக்கு மனிதர் போலவே இரண்டு கை, இரண்டு கண். அது தொடுவதை மேலே இருப்பவர் தன் கையில் உணரலாம். 2016-ல் பிரான்ஸ் கடலோரம், 1664-ல் மூழ்கிய 'லா லூன்' என்ற போர்க்கப்பலிலிருந்து ஒரு மண் ஜாடியை உடையாமல் எடுத்து வந்தது. இடையில் ரோபோ இரண்டு பீரங்கிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டபோது, காதிப் மேலேயிருந்து அதன் கைகளை இயக்கி, பீரங்கியைத் தள்ளியே உடம்பை விடுவித்தார்.

வேலை போகுமா என்ற கேள்வி எழாமல் இருக்காது. டைவர்களின் சம்பளத்தில் ஓடும் குடும்பங்கள் உண்டு, ஆர்.ஓ.வி. ஓட்டுநர்களின் குடும்பங்களும் உண்டு. நார்வேயில் கப்பலில் வாரக்கணக்கில் இருந்த ஓட்டுநர்கள் சிலர், இப்போது கரையில் உள்ள அறையிலிருந்தே ரோபோவை ஓட்டிவிட்டு மாலையில் வீட்டுக்குப் போகிறார்கள். அது நல்ல மாற்றம். ஆனால் ஒரே ஓட்டுநர் நான்கு ரோபோக்களைப் பார்த்துக்கொள்ளும் காலம் வந்தால், மற்ற மூவருக்கு என்ன வழி என்பதையும் நிறுவனங்கள் சொல்லியாக வேண்டும். ஆபத்தைக் குறைத்த ரோபோ, அந்த ஆபத்தைச் சுமந்தவரின் சோற்றையும் சேர்த்துக் குறைத்துவிடக் கூடாது.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு

பள்ளிக்கரணை பக்கம் போகிறவர்கள் 'தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம்' என்ற பலகையைப் பார்த்திருக்கலாம். 1993-ல் தொடங்கப்பட்ட இந்த மத்திய அரசு நிறுவனம் 'ரோசப் 6000' என்ற ஆர்.ஓ.வி.யை இந்தியப் பெருங்கடலில் 5,000 மீட்டருக்கும் கீழே இறக்கிச் சோதித்தது. 'ஓஎம்இ 6000' என்ற ஏ.யு.வி.யும் இவர்களிடம் உண்டு. இந்தியப் பெருங்கடலின் நடுவே கனிம உருண்டைகளைத் தேட இந்தியாவுக்கு 75,000 சதுர கிலோமீட்டர் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே கண்ணாகவும் கையாகவும் இருக்கப்போவது இத்தகைய இயந்திரங்கள்தான். சென்னை ஐஐடியில் முளைத்த 'பிளானிஸ்' நிறுவனம் 2015 முதல், அணைகளையும் துறைமுகங்களையும் தண்ணீருக்கு அடியில் சோதிக்கும் ரோபோக்களைச் செய்கிறது.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி இன்டர்நெட் கேபிள் திறக்கப்பட்டது. அந்தமானில் வேலை பார்க்கும் மகன் சென்னையில் உள்ள அம்மாவுக்கு வீடியோ கால் போட்டால், அந்த முகம் வங்கக்கடலின் தரை வழியாக வரலாம். உலகம் முழுக்க இத்தகைய கேபிள்களில் ஆண்டுக்குச் சுமார் 150 முதல் 200 பழுதுகள் ஏற்படுகின்றன. பெரும்பாலும் நங்கூரத்தாலும் மீன்பிடி வலையாலும். ஆழ்கடலில் அறுந்த கேபிளை இன்றும் கப்பலிலிருந்து கொக்கி போட்டு மேலே தூக்கி, முடியளவு மெல்லிய கண்ணாடி இழைகளை மேல்தளத்தில் வைத்து மனிதர்கள்தான் ஒட்டுகிறார்கள். கடலடியிலேயே அதை ஒட்டிவிட்டு வரும் ரோபோக் கை இன்னும் வரவில்லை.

பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்த இடத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர், கடல் அறிவியல் எதைப் படித்தாலும் இந்தத் துறைக்குள் நுழைய ஒரு கதவு உண்டு. விண்வெளி என்றால் கண்கள் விரியும் நம் பிள்ளைகளுக்கு, மெரினாவில் கால் நனைக்கும் தூரத்திலேயே இன்னொரு அந்நிய கிரகம் தொடங்குகிறது. அங்கே ஒரு வால்வைத் திருப்புவதற்குள் மனித குலம் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறது.